காற்றில் பொரிக்கும் ஆசாமி

உங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு இல்லாமல் இருந்திருக்கலாம், இப்போது இருக்கிறார். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியவர், பணி ஓய்வு பெற்றவர், ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பவர், காலையில் கடற்கரைச் சாலையில் கையை வீசி நடப்பவர், நடக்கிற வழியில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரையும் நிறுத்தி, "ஒரே ஒரு சொட்டு எண்ணெய்தான் சார், ஒரே ஒரு சொட்டு" என்று சுண்டு விரல் நுனியைக் காட்டுபவர். அவர்தான். அவருக்கு நான் வைத்த பெயர், காற்றில் பொரிக்கும் ஆசாமி.

ஏர் ஃபிரையர் என்று ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஆசாமியே வீடு தேடி வந்து சொல்லிவிடுவார். கறுப்பாக, மொழுமொழுவென்று, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்குக் கைப்பிடி வைத்தது போல இருக்கும். உள்ளே என்னமோ ரகசியம் இருப்பது போல ஆசாமி பேசுவார். என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேன். சூடாகிற கம்பி ஒன்று. அதன் தலைக்கு மேல் ஒரு விசிறி. தீர்ந்தது.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். கேளுங்கள், எனக்கும் சொல்ல ஆசைதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். பன்னிரண்டு வயதில் நெல்லித்தோப்பில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் சேர்ந்து, பதினெட்டில் முதலாளிக்கே வராத வைண்டிங் கம்பிச் சுற்றைக் கட்டிக் காட்டி, இருபத்தாறில் சொந்தக் கடை போட்டு, இன்றைக்கு லாஸ்பேட்டையில் மூன்று மாடி வீடு. இந்த ஊரில் பாதி வீட்டு மொட்டைமாடித் தொட்டிகளில் தண்ணீர் ஏறுவது என் கை பட்ட மோட்டாரால்தான். மீதிப் பாதி வீட்டில் தண்ணீர் சரியாக ஏறுவதில்லை. ஏன் என்று அவர்களுக்கே தெரியும். இன்ஜினீயரிங் படித்த பையன்கள் என்னிடம் வந்து, "ஐயா, இது ஏன் சூடாவுது?" என்று கேட்பார்கள். நான் மோட்டாரைத் தொடக்கூட மாட்டேன். காதை வைத்துக் கேட்பேன், சொல்லிவிடுவேன். ஆகவே விசிறியைப் பற்றி என்னிடம் யாரும் கதை விட வேண்டாம்.

ஆசாமிக்கு வருவோம். அவர் வீட்டுக்கு நீங்கள் போனால் முதலில் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். முதலில் இயந்திரத்தைக் காட்டுவார்கள். முன்பெல்லாம் பேரக் குழந்தையைத் தூக்கி வந்து மாமாவுக்குப் பாட்டுப் பாடிக் காட்டச் சொல்வார்கள் அல்லவா, அந்த இடத்தை இப்போது இது பிடித்துக்கொண்டது. கூடையை இழுத்துக் காட்டுவார், மூடிக் காட்டுவார், "சத்தமே இல்ல பாருங்க" என்பார். அந்தச் சத்தத்தில் அவர் சொன்னது உங்கள் காதில் விழாது.

பிறகு அவர் உள்ளே போட்ட பொருள்களின் வரலாறு. முதல் வாரம் உருளைக்கிழங்கு. ஞாயம்தான். இரண்டாம் வாரம் வாழைக்காய், கத்தரிக்காய், பாகற்காய். மூன்றாம் வாரம் நேற்றைய தோசை, அதற்கு முந்தின நாள் இட்லி, நமத்துப் போன முறுக்கு, பக்கத்து வீட்டில் கொடுத்த சுண்டல். அப்பளத்தை வைத்தார், விசிறி இழுத்து மேலே ஒட்டிக்கொண்டது. மழைக்காலத்தில் ஈரம் பாய்ந்த ஊதுபத்திக் கட்டை வைத்துக் காய வைத்ததாகவும், அன்றைக்கு மதியம் செய்த கருணைக்கிழங்கு வறுவல் கோயில் கர்ப்பகிரகம் மாதிரி மணத்ததாகவும் எனக்குத் தகவல் உண்டு.

எல்லாவற்றுக்கும் மந்திரம் ஒன்றுதான். "நடுவுல ஒரு தரம் குலுக்கணும்." யார் வீட்டில் எது சரியாக வரவில்லை என்றாலும் அவர் கேட்கிற ஒரே கேள்வி, "நடுவுல குலுக்குனீங்களா?" குலுக்கினேன் என்றால், "மெதுவா குலுக்கியிருப்பீங்க."

கூடையைக் கழுவுவது யார்? அதை ஏன் கேட்கிறீர்கள்? குலுக்குவது அவர். கழுவுவது அவர் வீட்டு அம்மா.

சரி, எண்ணெய்ப் பலகாரத்தை அவர் அறவே விட்டுவிட்டாரா? ஒரு தரம் காலாப்பட்டுப் பக்கம் ஒரு பம்பு வேலையாகப் போயிருந்தேன். சாலையோரம் ஒரு பஜ்ஜிக் கடை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று ஒருவர் அவசரமாக மென்றுகொண்டிருந்தார். தோளைத் தட்டினேன். எங்கள் அடுத்த வீட்டு ஆசாமி. முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கொஞ்ச நேரம் திண்டாடிவிட்டு, "சும்மா ஒப்பிட்டுப் பாக்குறேண்ணே" என்றார். கையில் நாலாவது பஜ்ஜி.

எங்கள் அடுத்த வீட்டு ஆசாமியின் பெயர் கமலக்கண்ணன். நல்ல மனிதர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஃபைலைத் தவிர வேறெதையும் சூடாக்கிப் பழக்கமில்லாதவர். அவருக்கு இயந்திரம் வந்த வழி வேறு. கூடப் படித்த ஷார்ல் என்பவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு பிரான்ஸிலேயே தங்கிவிட்டார். ஊரைப் பார்க்க வந்தவர் இதைப் பரிசாகத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்ததும் பிளக் நம் ஊர்ச் சுவரில் சேரவில்லை. உருண்டையான இரண்டு பின்தான். என்னிடம் வந்தார்கள். வெட்டிப் போட்டு, நல்ல கனமான மூன்று பின் பிளக் மாட்டி, சுவரில் தனி லைன் இழுத்துக் கொடுத்தேன். அந்தப் பாவத்தை நான் மறைக்கவில்லை.

கூட ஒரு புத்தகம் வந்திருந்தது. முழுக்கப் பிரெஞ்சு. கமலக்கண்ணனுக்குப் பிரெஞ்சில் "மெர்சி" என்கிற நன்றியைத் தாண்டித் தெரியாது. அதனால் என்ன? பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் பிரெஞ்சில் எழுதியிருந்தால் அதற்கு ஒரு தனி மரியாதை. முசியே ஷார்ல் பிரான்ஸுக்குத் திரும்புவதற்கு முன் அதில் ஒரே ஒரு பக்கத்தைப் படித்து அர்த்தம் சொன்னார். ஆப்பிளைத் துண்டு போட்டு, மேலே துளி பட்டைத் தூளைத் தூவி, நூற்று எண்பது டிகிரியில் பன்னிரண்டு நிமிடம். சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்புக்குப் பதில் அங்கே இதைத்தான் சாப்பிடுவார்களாம்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. துளி பட்டைத் தூளா? பட்டை சர்க்கரையைக் குறைக்கும் என்று செல்போனில் யாரோ அனுப்பியிருந்தார்கள். அப்படியானால் துளி எதற்கு, நிறையவே போடலாம். பட்டை போட்டால் கிராம்பு போடக் கூடாதா? கிராம்பு பல்லுக்கு நல்லது. ஏலக்காய் ஜீரணத்துக்கு. அன்னாசிப்பூ எதற்கு என்று தெரியவில்லை, ஆனால் டப்பாவில் இருந்தது. இப்படியாக அந்தப் பிரெஞ்சு ஆப்பிள், லாஸ்பேட்டைக்கு வந்து முழு மசாலா சாமானோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தது. அவர் மனைவி பாக்கியலட்சுமியின் இரும்பு வாணலி மொட்டைமாடிக்குப் போனது. அதில் கமலக்கண்ணன் மண் நிரப்பிக் கற்றாழை வைத்தார்.

இதுவரைக்கும் சிரித்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்ததும் சிரிப்பு நின்றது.

அவர்களுக்கு ஒரே பெண், கலைவாணி. சேதராப்பட்டுக் கம்பெனியில் வேலை. அதே கம்பெனியில் வேலை பார்க்கும் பையன் வெற்றிவேல், தவளக்குப்பத்துக்காரன், நிலம் நீச்சு உள்ள குடும்பம். கம்பெனி பஸ்ஸில் இரண்டு வருடமாக முன் சீட்டும் பின் சீட்டுமாகப் பழகி, விஷயம் இரண்டு வீட்டுக்கும் தெரிந்து, கமலக்கண்ணன் சரி என்று, பையனின் அப்பா நாராயணசாமியும் சரி என்று, பையனின் அம்மா அஞ்சலாட்சி மட்டும் வாயைத் திறக்காமல் இருந்து, கடைசியில் "போய்ப் பாக்கலாம். புடிக்கலன்னா எழுந்து வந்துடுவேன், யாரும் ஒன்னும் சொல்லக் கூடாது" என்று கிளம்பியிருந்தார். ஒன்பது பேர், ஒரு வேன். நாலரைக்கு ராகு காலம். அதற்கு முன்பு வந்து, பெண்ணைப் பார்த்து, இனிப்பு எடுத்துக்கொண்டு, சம்மதம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவ்வளவுதான். அந்த அம்மா இன்னொரு முறை படியேற மாட்டார் என்று பையனே கலைவாணிக்குச் சொல்லியிருந்தான்.

பெண் பார்க்க வந்தால் என்ன கொடுப்போம்? பஜ்ஜி, சொஜ்ஜி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் கமலக்கண்ணன் யோசித்தார்.

"பஜ்ஜி கெடையாது. என் வீட்டுல எண்ணெய்ச் சட்டி ஏறாது. ஆப்பிள்தான்" என்றார்.

"ஏங்க, பொண்ணு பாக்க வர்றாங்க. ஆஸ்பத்திரிக்கா வர்றாங்க?" என்றார் பாக்கியலட்சுமி.

"பிரான்ஸ்ல எல்லாம் இதுதாண்டி குடுக்குறாங்க."

"அவங்க தவளக்குப்பத்துல இருந்து வர்றாங்க."

பேச்சு அதோடு முடிந்தது. பாக்கியலட்சுமி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி சந்திரகலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, எம்பொண்ணு கல்யாணம் உன் அடுப்புலதான் இருக்குது" என்றார். சந்திரகலா ரவையை எடுத்து வறுக்க ஆரம்பித்தாள். வாழைக்காயைச் சீவச் சொல்லி என் கையில் கத்தியைக் கொடுத்தாள். மூன்று மாடி கட்டியவன் வாழைக்காய் சீவினேன். அதிலும் பாருங்கள், ஒவ்வொரு வில்லையும் ஒரே கனம்.

திட்டம் இதுதான். சமயம் பார்த்து மதில் மேல் தட்டு வரும். சமயம் எப்போது? அது எனக்கே தெரியாது.

மூன்று மணிக்குப் பெண் வீட்டுப் பெரியவர் என்ற முறையில் நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். கமலக்கண்ணன் ஒரு சோதனை ஓட்டம் விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே விசிறி சுற்றுகிறது, இல்லையா? சுற்றுகிற விசிறி வாசனையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்குமா? பட்டையும் கிராம்பும் அன்னாசிப்பூவும் சேர்ந்து, பின்பக்க ஓட்டை வழியாக, ஜன்னல் வழியாக, தெருமுனை வரைக்கும் போய் நின்றது. அங்கே கட்டிப் போட்டிருந்த நாய் எழுந்து வாலை ஆட்டியது.

மூன்று இருபத்தைந்துக்கு வேன் வந்தது. ஒன்பது பேரும் இறங்கினார்கள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள்.

அஞ்சலாட்சி மூக்கை உயர்த்தி ஒருமுறை இழுத்தார். கணவரைப் பார்த்தார். "என்னா இது, பிரியாணி வாசன வருது?"

"எங்க?"

"எங்கயா? இந்த வீட்டுலதான். இன்னும் பொண்ணையே பாக்கல, ஒரு வார்த்த பேசல, அதுக்குள்ள கறி சோறு ஆக்கி வெச்சி நம்மள கை நனைக்க வெக்கப் பாக்குறாங்களா? கை நனைச்சிட்டா அப்பறம் வேணாம்னு எப்பிடிச் சொல்றது?"

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பேசி முடிக்கிறவரைக்கும் சம்பந்தி வீட்டில் சோற்றில் கை வைக்கக் கூடாது. காப்பி, பலகாரம் சரி. சோறு தின்றால் சம்மதம் என்று அர்த்தம். அந்த அம்மா வேன் கதவைப் பிடித்தபடி நின்றார். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. வந்தவர்களில் ஒரு குண்டான சித்தப்பா மட்டும், "பிரியாணின்னா சாப்ட்டுட்டே பேசலாமே" என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கமலக்கண்ணன் ஓடி வந்தார். "கறி இல்லீங்க, சத்தியமா கறி இல்லீங்க. ஆப்பிள்!"

"ஆப்பிளா?"

"ஆப்பிள்தாங்க. மசாலா போட்டு."

இதை நிரூபிக்க அவர் உள்ளே போய், வெந்து தொளதொளத்த நாலு துண்டுகளை ஒரு கிண்ணத்தில் கொண்டு வந்து கேட்டுக்கு மேலாக நீட்டினார். அஞ்சலாட்சி பார்த்தார். முகம் மாறியது. கோபம் போய்க் கவலை வந்தது. அது இன்னும் மோசம்.

"ஏங்க," என்றார் மெதுவாக, "வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்ல?"

ஞாயமான கேள்வி. நீங்களே சொல்லுங்கள், நம் ஊரில் ஆப்பிளை யாருக்கு வாங்குவோம்? கட்டிலில் படுத்திருப்பவருக்கு வாங்குவோம். பக்கத்தில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் வாங்குவோம். அதுவும் வேக வைத்துக் குழைத்த ஆப்பிள் என்றால், பல்லும் போய்விட்டது, நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"யாருக்கும் ஒன்னும் இல்லீங்க!"

"மறைக்காதீங்க. பரம்பரையா ஏதாவது..."

இந்த இடத்தில் நான் எழுந்து போகாவிட்டால் கல்யாணம் கேட்டிலேயே முடிந்திருக்கும். "அம்மா, வாங்க. இந்தக் குடும்பத்த இருபத்திரண்டு வருஷமாப் பாக்குறேன். ஒருத்தருக்கும் ஒரு நோவு கெடையாது. இவருக்கு மட்டும் லேசா ஒரு இது. ஆனா அது மருந்துல போறதில்ல" என்றேன். என் வெள்ளைச் சட்டையையும் நரைத்த மீசையையும் பார்த்துவிட்டு அந்த அம்மா உள்ளே காலை வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நாற்பது.

அங்கேதான் கணக்கு இடித்தது. வந்தவர்கள் ஒன்பது பேர். துண்டு ஒன்றின் மேல் ஒன்று படக் கூடாது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். ஆகவே ஒரு ஈட்டுக்கு மூன்று தட்டுக்குத்தான் வரும். ஒரு ஈடு பன்னிரண்டு நிமிடம். முன்கூட்டியே செய்து வைத்தால் என்ன? "ஆறிட்டா ருசி போயிடும்ணே, சுடச்சுட எறக்கணும்." பெண்ணோ தட்டு எல்லாம் நிறைந்த பிறகுதான் எடுத்துக்கொண்டு வர முடியும். மூன்று பேருக்குக் கொடுத்துவிட்டு ஆறு பேரைச் சும்மா உட்கார வைக்கிற வழக்கம் எங்காவது உண்டா?

மூன்று நாற்பத்தைந்துக்கு முதல் ஈடு. மூன்று ஐம்பத்தேழுக்கு மூன்று தட்டு. நாலு பத்துக்கு அடுத்த மூன்று தட்டு. அதற்குள் முதல் மூன்று ஆறிப் போச்சு. ஆறினதை மறுபடி உள்ளே வைத்துச் சூடு பண்ண வேண்டும் என்றார் கமலக்கண்ணன். அதைச் சூடு பண்ணினால் இரண்டாவது மூன்று ஆறிவிடும். அதைச் சூடு பண்ணினால் முதல் மூன்று மறுபடி ஆறும். ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கே இது அடுத்த பொங்கலுக்குத்தான் முடியும் என்று எனக்குப் புரிந்தது.

கூடத்தில் ஒன்பது பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இயந்திரம் மட்டும் ஊய்ய் என்று இரைந்துகொண்டிருந்தது. வெற்றிவேல் கண்ணில் பட்ட கிண்ணத்தில் இருந்து தானாகவே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்குங்க மாமா" என்றான். மாமாவா? அவன் அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பையன் மென்றதை அப்படியே நிறுத்திக்கொண்டான்.

அஞ்சலாட்சி புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகினார். எழுந்திருக்கப் போகிறவர்கள் அப்படித்தான் சொருகுவார்கள். அறைக் கதவின் இடுக்கில் கலைவாணியின் கண் தெரிந்தது. அழுகிற கண் இல்லை. அதற்கு முந்தின நிலைக் கண்.

நாலு பதினைந்துக்கு உள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு பெரிய சத்தம். பிறகு சத்தமே இல்லை.

"அண்ணே!" என்று கமலக்கண்ணன் அலறினார்.

போனேன். காதை வைத்துக்கூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை. லேசான பொருளை விசிறி என்ன செய்யும்? தூக்கும். கிராம்பு ஒன்று பறந்து போய், விசிறி இறக்கைக்கும் தடுப்புக் கம்பிக்கும் நடுவில் சொருகிக்கொண்டு நின்றது. பையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரால் ஒரு நெம்பு நெம்பினால் ஒரு விநாடி வேலை. தட்டினால் ஓடும்.

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். வாசற்படியில் பாக்கியலட்சுமி நின்றார். என்னைப் பார்த்தார். பின்னால் எங்கள் வீட்டுப் பக்கமிருந்து எண்ணெயில் பஜ்ஜி பொரிகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

"என்னாண்ணே ஆச்சு?"

"உள்ள காயில் கம்பி சூடேறிப் போச்சு கமலக்கண்ணா. பதினஞ்சு நிமிஷம் ஆறணும். இப்ப கைய வெச்சா மொத்தமா எரிஞ்சிடும்" என்றேன்.

நாற்பத்தெட்டு வருடத் தொழிலில் ஒரு மெஷினைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய் அது. எவ்வளவு சுத்தமாகச் சொன்னேன் தெரியுமா? அவர் நம்பி, அதன் தலை மேல் கையை வைத்துக் காய்ச்சல் பார்ப்பது போலப் பார்த்தார்.

பாக்கியலட்சுமி கொல்லைப்புறம் ஓடினார். மதில் மேல் சந்திரகலாவின் வளையல் கை தெரிந்தது. முதல் தட்டு, இரண்டாம் தட்டு, சொஜ்ஜிப் பாத்திரம். நாலு இருபதுக்குக் கலைவாணி தட்டோடு கூடத்தில் வந்து நின்றாள். பொன்னிறத்தில் உப்பி, ஓரத்தில் முறுகி, இன்னும் எண்ணெய் மினுமினுக்கிற பஜ்ஜி. பக்கத்தில் நெய் ஒழுகும் சொஜ்ஜி. குண்டுச் சித்தப்பா கும்பிடுவது போல இரண்டு கையையும் நீட்டினார்.

அப்போதுதான் கமலக்கண்ணன் உள்ளிருந்து வந்தார். தட்டைப் பார்த்தார்.

"எண்ணெயா!" என்று கத்தினார்.

"எண்ணெயா!" என்று இன்னொரு குரலும் கத்தியது.

இரண்டாவது குரல் நாராயணசாமியுடையது. கேட்டுக்கு வெளியே "எங்க?" என்று கேட்டதோடு வாயை மூடிக்கொண்ட மனிதர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர்த் திருவிழாவில் காணாமல் போன அண்ணன் தம்பி இருபது வருடம் கழித்துச் சந்தித்தால் அப்படிப் பார்ப்பார்களா என்று தெரியவில்லை.

"உள்ள சத்தம் கேட்டப்பவே சந்தேகப்பட்டேன்" என்றார் நாராயணசாமி. "உங்களுது எத்தினி லிட்டர்?"

"நாலரைங்க. உங்களுது?"

"ஏழு."

கமலக்கண்ணன் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "ஏழா!"

"ஆப்பிளுக்கு எத்தினி டிகிரி வெக்கிறீங்க?"

"நூத்தி எம்பது. பன்னெண்டு நிமிஷம்."

"அதான் தொளதொளன்னு வருது. நூத்தி அறுவதுல வெச்சிப் பாருங்க. நடுவுல குலுக்குனீங்களா?"

"குலுக்குனேங்க."

"மெதுவாக் குலுக்கியிருப்பீங்க. வாங்க, காட்டுறேன்."

இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்கள். பெண் பார்க்க வந்தோம் என்பது நாராயணசாமிக்கு அதன் பிறகு நினைவே இல்லை.

கூடத்தில் பெண்களும் பையனும் நானும் மிஞ்சினோம். சித்தப்பா தட்டோடு மிஞ்சினார். அஞ்சலாட்சி பாக்கியலட்சுமியைப் பார்த்தார். பாக்கியலட்சுமி அஞ்சலாட்சியைப் பார்த்தார்.

"உங்க வூட்டுலயுமா?" என்றார் அஞ்சலாட்சி.

"எட்டு மாசமா" என்றார் பாக்கியலட்சுமி.

"எங்களுது ஒன்ற வருஷம். வடை சுட்டு ஒன்ற வருஷம் ஆச்சுங்க. தீவாளிக்கு அதிரசத்தத் தூக்கி அதுல வெச்சாரு. சுத்தியால ஒடச்சித் தின்னோம்."

"கூடைய யாரு கழுவுறது?"

"யாரு கழுவுவா? நாந்தான்."

அஞ்சலாட்சி முதலில் ஒரு ஸ்பூன் சொஜ்ஜியை எடுத்து வாயில் போட்டார். பிறகு ஒரு பஜ்ஜி. கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது பஜ்ஜி. மூன்றாவதை எடுக்கும்போது கண் ஓரத்தில் ஈரம். கலைவாணியைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"இத்தினி நாளா நான் ஏன் வாயத் தெறக்கல தெரியுமா? டவுனு பொண்ணு, நல்லாத் தின்னு வளந்திருக்கும், எங்க வூட்டு மனுசன் பண்ற கூத்தப் பாத்தா மூணாம் நாள் பொட்டியத் தூக்கிக்கும்னு பயந்தேன். இது ஏற்கெனவே பழகி வந்திருக்குதே! இந்தப் பொண்ணுதான். வேற எங்கயும் பாக்க வேணாம்."

வெற்றிவேல் அப்போதுதான் மென்றுகொண்டிருந்ததை முழுங்கினான். மணி நாலு இருபத்தேழு.

சீர் என்ன செய்யட்டும் என்று பாக்கியலட்சுமி வழக்கப்படி கேட்டார். அஞ்சலாட்சி சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒன்னும் வேணாங்க. எங்க இரும்பு வாணலியில கோழிக்குத் தண்ணி வெச்சிட்டாரு. பொண்ணு வரும்போது ஒரு நல்ல வாணலி மட்டும் பொடவைக்கு அடியில வெச்சிக் குடுத்து விடுங்க."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பந்தியில் பஜ்ஜி உண்டு. அந்த வாழைக்காயும் என் மேற்பார்வைதான். சம்பந்திகள் இருவரும் இப்போது தினமும் காலையில் போனில் பேசிக்கொள்கிறார்கள். இஞ்சியை வைத்தால் என்ன ஆகும் என்பதுவரை வந்திருக்கிறார்கள். அந்தக் கிராம்பை மறுநாள் காலை போய் எடுத்துவிட்டேன். "ஆறிடுச்சுண்ணே, பாத்தீங்களா, நல்ல மெஷினு" என்றார் கமலக்கண்ணன். நான் கிராம்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இத்தனையும் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கென்ன, நாம் அந்த ஆசாமி இல்லை என்று நினைக்கிறீர்கள். சரி. ஒன்றே ஒன்று கேட்கிறேன், எனக்குப் பதில் சொல்ல வேண்டாம், உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். நூற்று எண்பது டிகிரி, பன்னிரண்டு நிமிடம் என்று நான் எழுதிய இடத்தில், "ரொம்ப அதிகமாச்சே" என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா? கிராம்பு பறந்தது என்று படித்தபோது, "முட்டாள், ஆப்பிளில் குத்தி வைத்திருந்தால் பறந்திருக்காதே" என்று தோன்றியதா? ஏழு லிட்டர் என்றதும் மனசு ஒரு நொடி நின்று போனதா?

தோன்றியிருந்தால், இதைக் கீழே வைத்துவிட்டு உங்கள் மொட்டைமாடிக்கு ஒரு நடை போய் வாருங்கள். போகிற கையோடு அந்தக் கற்றாழைக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.